பெஹாலா மைதானத்தில் நான் பெல்ட் கட்டாத நாள்

விமானத்தில் ஏறுகிறவர்களுக்குப் பெல்ட் கட்டுவதை ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொண்டுவிடலாம். கொக்கி எங்கே, துளை எங்கே, எவ்வளவு இழுத்தால் போதும், அவ்வளவுதான். நீங்கள் எல்லோரும் அதை என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். கல்கத்தா டம்டம் விமான நிலையத்தில் பெண்கள் காத்திருக்கும் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த கடைசி வருஷங்களில், புதிதாக விமானத்தில் வேலைக்கு வந்த உங்களைக் கண்ணாடி வழியாக எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். "மாமி, உங்க காலத்துல எப்படி?" என்று நீங்கள் யாராவது வந்து கேட்டால் மட்டும் சிரித்துவிட்டு, கூஜாவை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

பிரிவு உபசாரத்தன்றும் அப்படித்தான் ஆயிற்று. நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்தேன், மைக்கைப் பார்த்தேன், உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதித் தருகிறேன். நான் படித்தது அஞ்சாம் கிளாஸ் வரைக்கும்தான். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இது முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. பெஹாலாவைத் தாண்டி வயலுக்கு நடுவே ஒரு மைதானம் இருந்தது. பட்டாளத்திலிருந்து விலகிய ஒரு துரை அங்கே ஒரே ஒரு விமானத்தை வைத்துக்கொண்டு, ஜனங்களை ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். கார்டன் ரீச் துறைமுகப் பக்கம் போய்க் கங்கைமேல் திரும்பி, கோட்டை, மிதக்கும் பாலம், விக்டோரியா மண்டபம், காளிகாட் கோயில் என்று கால் மணி நேரம் காட்டிவிட்டு இறக்கிவிடுவார்கள். விமானத்துக்குக் கூரை கிடையாது. முன்னால் ஒரு குழி, அதில் பயணிகள் இரண்டு பேர். பின்னால் ஒரு குழி, அதில் விமானி. எங்கள் வீட்டுக்காரர் அந்தத் துரையிடம் ஆபீஸ் குமாஸ்தா.

முதலில் ஆண்கள்தான் வந்தார்கள். அவர்கள் போய் வீட்டில் பெருமையடித்த பிறகு பெண்களுக்கும் ஆசை வந்தது. பெரிய வீட்டுப் பெண்கள் திரை போட்ட காரில் வருவார்கள். காரிலிருந்து விமானம் வரைக்கும் இரண்டு பக்கமும் துணி கட்டி மறைப்பு வைப்பார்கள். எல்லாம் சரி, பெல்ட்டை மடிமேல் இழுத்து யார் கட்டுவது? ஆண்பிள்ளை கை வைத்தால் வெட்டுக் குத்து ஆகிவிடும். துரை யோசித்துவிட்டு எங்கள் வீட்டுக்காரரிடம், உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாராம்.

"ஏன்னா, நானா? அத்தனை பேர் நடுவிலயா?" என்றேன்.

"அத்தனை பேரும் பொம்மனாட்டிதாண்டி. ஆம்பளை கிட்ட வரப்படாதுன்னுதானே உன்னைக் கூப்பிடறா."

"அது என்னையும் சேத்துத் தூக்கிண்டு போயிடுத்துன்னா?"

"உன்னை யாருடி ஏத்தப் போறா? நீ கீழதான் நிப்பே."

கீழேதான் நின்றேன். மூன்று குளிர்காலம் நின்றேன்.

போன முதல் வாரத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. வங்காளி வீட்டு அம்மாமார்கள் சாவிக்கொத்தைப் புடவைத் தலைப்பு நுனியில் முடிந்து தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு அம்மாள் அப்படியே ஏறி உட்கார்ந்தார். நானும் பெல்ட்டைக் கட்டி அனுப்பிவிட்டேன். மேலே போனதும் காற்றில் தலைப்பு பிய்த்துக்கொண்டு பறந்து, சாவிக்கொத்து விமானியின் மூக்குக் கண்ணாடியில் போய் அடித்திருக்கிறது. கண்ணாடி விண்டுபோய்விட்டது. நல்ல வேளையாகக் கண் தப்பியது. இறங்கினதும் அந்த அம்மாள் முதலில் பார்த்தது சாவி சரியாக இருக்கிறதா என்றுதான்.

அன்றைக்குத் துரை கத்தினார். எனக்கு இங்கிலீஷ் புரியாததால் பாதிதான் வலித்தது. அங்கே இஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் மிஸ்திரி ஒருத்தர் இருந்தார். தாடி நரைத்தவர். எல்லோரும் அவரை மிஸ்திரி என்றுதான் கூப்பிட்டோம். வங்காளத்தில் பெரியவர்கள் வீட்டு மருமகளைக் கூப்பிடுகிற மாதிரி என்னை 'பௌமா' என்று கூப்பிடுவார். துரை போன பிறகு அவர் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"பௌமா, ஏறுகிறவங்க முகத்தையே பார்த்துக்கிட்டிருக்கே. முகத்தைச் சிரிச்ச மாதிரி யாரும் வச்சுக்கலாம். இனிமே கையைப் பாரு. கை என்ன வச்சிருக்கு, என்ன மறைக்குது, எதைப் பிடிச்சிருக்கு, அதைப் பாரு."

அவர் சொன்னது ஹிந்துஸ்தானியில். நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

அன்றிலிருந்து கையைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால், பத்தில் எட்டுப் பேர் வலது கையை மூடிக்கொண்டுதான் ஏறுகிறார்கள்! உள்ளே காசு. கங்கையைத் தாண்டும்போது காசு போடாமல் யாராவது தாண்டுவார்களா? ரயிலில் போனாலும் போடுகிறோம், படகில் போனாலும் போடுகிறோம், ஆகாயத்தில் போனால் மட்டும் விட்டுவிட முடியுமா? ஆனால் முன்குழியிலிருந்து வீசினால் அது கங்கைக்குப் போகாது. விமானியின் முகத்துக்குப் போகும், இல்லாவிட்டால் வாலில் போய்ச் சிக்கும். கேட்டால் தர மாட்டார்கள். கங்காமாதாவுக்கு வைத்ததை நீ யார் வாங்க? அதனால் ஒரு வழி பண்ணினேன். பித்தளைச் செம்பு ஒன்றை நன்றாகத் தேய்த்து, பொட்டு வைத்து, மறைப்புக்குள்ளே கொண்டுபோய் நிற்பேன். "இதுல போடுங்கோ. சாயங்காலம் நானே கார்டன் ரீச் படித்துறைக்குப் போய்க் கங்கையில சேத்துடறேன்" என்பேன். அப்போதுதான் விரல் திறக்கும். சாயங்காலம் வீட்டுக்காரரும் நானும் போய்ச் சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம். ஒரு நாளும் தவறினதில்லை.

இப்போது மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது குளிர்காலம் துரைக்கு விமானம் ஓட்ட வந்தவன் மணி. நம்ம பையன். அப்பா பாங்கு உத்தியோகஸ்தர். கும்பகோணம் பக்கம் பூர்வீகம், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கல்கத்தா. தமிழைவிட வங்காளி நன்றாக வரும். எங்கள் வீட்டுக்காரரை அண்ணா என்பான், என்னை மன்னி என்பான். விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் பின்குழியிலிருந்து, "மன்னி, தாடாதாடி கட்டுங்கோ, தாடாதாடி!" என்று கத்துவான்.

"சீக்கிரம்னு ஒரு வார்த்தை இருக்குடா நம்மகிட்ட" என்பார் வீட்டுக்காரர்.

"அது ரொம்ப மெதுவா இருக்கு அண்ணா."

காலையில் முதல் சுற்றுக்குக் கிளம்பும் முன்னால் நான் கொண்டுபோகும் காபியை டவரா டம்ளரில் ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டுத்தான் கையுறை போடுவான். "மன்னி காபி இல்லாம இந்த மெஷின் ஸ்டார்ட் ஆகாது" என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டுவான்.

சம்பளத்துக்கு விமானம் ஓட்டலாம் என்று அவனிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் தபால் விமானம் ஓட்டும் கம்பெனியில், வானத்தில் இத்தனை மணி நேரம் இருந்திருக்க வேண்டும், அது முடிந்த அன்றே வேலை தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மணி நேரத்தைச் சேர்க்கத்தான் இந்த ஊர் சுற்றிக் காட்டும் வேலை. கால் மணி, கால் மணியாகச் சேர்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "சித்திரை ஒண்ணாம் தேதிக்குள்ள உன் மணிக்கணக்கை முடிச்சுடு. முடியலேன்னா பேசாம வந்து பாங்குல உக்காரு, உனக்கு ஒரு இடம் சொல்லி வச்சிருக்கேன்" என்று கெடு வைத்துவிட்டார். மணியும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டான். கொடுத்த வாக்கை மீறுகிற பையன் இல்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டம்.

பங்குனி வந்தது. வெயில் ஏற ஏற ஆண்கள் கூட்டம் வடிந்துவிட்டது. மதியத்துக்கு மேல் திடீரென்று கறுத்துக்கொண்டு புயல்காற்று வரும் காலம் அது. காலையில்தான் பறக்கலாம். மிச்சம் இருந்தது திரை போட்டுக்கொண்டு வருகிற பெரிய வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று கூட்டம்தான். மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அந்தக் கூட்டங்களை ஏற்றி இறக்கினால் முடிந்துவிடும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

அன்று வடகல்கத்தாவிலிருந்து ஒரு ஜமீன் குடும்பம் வந்தது. வீட்டுக்குப் பெரியவர் ஒரு அம்மாள். அறுபது வயதிருக்கும், சிவப்புக் கரைப் புடவை, நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். கர்த்தாமா என்று கூப்பிட்டார்கள். மருமகள்கள், மகள்கள், நாத்தனார்கள் என்று பெரிய படை. காளிகாட்டில் பூஜையை முடித்துக்கொண்டு, அந்தக் கோயிலையே ஆகாயத்திலிருந்து சேவிக்க வந்திருந்தார்கள். எனக்கும் பிரசாதம் கொடுத்தார் அந்த அம்மாள். கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டேன். சாவிக்கொத்தைக் கழற்றுங்கள் என்றபோது மருமகள்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள், யார் கையில் தரப்போகிறாரென்று. அவர் நேரே என் கையில் கொடுத்தார். "நீதான் எனக்கு மருமகள் இல்லை. உன்னிடம் பத்திரமாக இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், மருமகள்களைத் தவிர.

முதலில் மூத்த மருமகளையும் ஒரு மகளையும் ஏற்றி பெல்ட் கட்டினேன். பிறகு மணிக்குக் காபி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

டம்ளர் டவராவில் தடதடவென்று அடித்துக்கொண்டது.

அவன் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்திருந்தான். பங்குனி வெயிலில் தோல் கோட்டைக் கழுத்துவரை பித்தான் போட்டிருந்தான். முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"மணி, ஜுரமா?"

"இல்லே மன்னி. விடியக்காலம் கொஞ்சம் குளிரித்து. கொயினா மாத்திரை போட்டுண்டிருக்கேன். போயிடும்."

"கையப் பாருடா."

கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். "மன்னி, இந்தக் கூட்டம் ஒண்ணு போயிட்டுதுன்னா பாக்கி ரொம்பக் கொஞ்சம். துரைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கோ. உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

ஏன் அப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு முன்னால் இருந்த விமானி ஒரு தடவை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். துரை அதைப் பத்து இடத்தில் சொன்னார். உடம்புக்கு வருகிறவன் என்று பேர் ஏறிவிட்டது. அப்புறம் எந்தக் கம்பெனியும் அவனைக் கிட்டே சேர்க்கவில்லை. மணிக்கும் அந்தப் பேர் வந்தால், மணிக்கணக்கு முடிந்தாலும் ஒன்றுதான், முடியாவிட்டாலும் ஒன்றுதான்.

"சொல்ல மாட்டேன். ஆனா நீ ஏறப்படாது" என்றேன்.

"ஏறாம இருந்தா ஏன்னு துரை கேப்பாரே. என்ன சொல்லட்டும்?" சொல்லிக்கொண்டே கையுறையை இழுத்தான். நாலாவது தடவைதான் விரல் உள்ளே போயிற்று. எழுந்து நடந்துவிட்டான்.

வீட்டுக்காரர் ஆபீஸ் கொட்டகையில் இருந்தார். மிஸ்திரி விமானத்துக்கு முன்னால் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி ஏறிக் குழியில் உட்கார்ந்துவிட்டான். யாரைக் கூப்பிட்டு என்ன சொல்வது? எதைச் சொன்னாலும் ஜுரம் என்கிற வார்த்தையில் போய் முட்டும். அது என் வாயிலிருந்து வரக் கூடாது. நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். குழியில் அந்த இரண்டு பெண்களும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குப் பால் குடிக்கிற குழந்தை, கீழே ஆயா கையில் இருந்தது.

படியை எடுக்கச் சொல்லி, "மன்னி, தாடாதாடி!" என்றான் மணி. குரலும் நடுங்கிற்று.

நான் படியில் ஏறி, இரண்டு பெண்களின் பெல்ட்டையும் அவிழ்த்தேன்.

"என்ன ஆச்சு?" என்று கர்த்தாமா மறைப்புக்குள்ளிருந்து கேட்டார்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் கடையில்கூட வாய்விட்டு உப்புக் கேட்க மாட்டேன், கையைக் காட்டுவேன். அந்த மைதானத்தில், துரை, மிஸ்திரி, ஜமீன் வீட்டுக் காரியஸ்தர், கார் டிரைவர்கள் எல்லோரும் கேட்க, வங்காளியில், உரக்கச் சொன்னேன்.

"என்னால கட்ட முடியாது அம்மா. எனக்கு இப்போ வீட்டு விலக்கு வந்துடுத்து. நான் யாரையும் தொடக் கூடாது."

காக்கை கத்துவது கேட்டது.

அடுத்த நிமிஷம் ஒரே கலவரம். "ஐயோ, பூஜை பண்ணிவிட்டு வந்திருக்கிறோமே!" "என்னைத் தொட்டுவிட்டாளே!" மருமகள் குழியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏற்றுவதற்கு இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது, இறங்குவதற்கு ஒருத்தரும் வேண்டியிருக்கவில்லை. காரியஸ்தர் வானத்தைப் பார்த்தார். டிரைவர்கள் தரையைப் பார்த்தார்கள். மிஸ்திரி காற்றாடியை விட்டுவிட்டு மெதுவாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் காது நெருப்பாக எரிந்தது.

துரைக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு என்ன என்றார். வீட்டுக்காரர் வந்து, விஷயம் கேட்டு, முகம் செக்கச்சிவந்து, "லேடீஸ் மேட்டர், சார்" என்றார். துரையும் சிவந்தார். அதோடு முடிந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எந்தத் துரையும் எந்தக் காரியஸ்தரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அது எனக்கு எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. தோன்றிவிட்டது.

சாவிக்கொத்து என் கையிலேயே இருந்தது. மறைப்புக்குள் போய், தொடாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று பாயில் வைக்கக் குனிந்தேன். கர்த்தாமா உள்ளங்கையை நீட்டி, சாவியை என் கையிலிருந்தே வாங்கினார். வாங்கினவர் என் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "பௌமா, நீ அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பையன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் பார்த்தேன்."

பிறகு உரக்க, "என்ன அழுகை அங்கே? கங்கை பக்கத்தில்தானே இருக்கிறது, போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். இன்னொரு நாள் வருவோம்" என்றார்.

கார்கள் போய் அரை மணி இருக்காது. மணி கொட்டகையில் தரையில் சுருண்டு கிடந்தான். மிஸ்திரி தன்னிடம் இருந்த போர்வை, சாக்கு, விமானத்துக்குப் போர்த்தும் கித்தான் எல்லாவற்றையும் அவன்மேல் போட்டிருந்தார். அவ்வளவுக்கும் கீழே பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. துரை சாப்பிடப் போயிருந்தார். வீட்டுக்காரர் ஒரு வாடகைக் காரில் அவனைப் போட்டுக்கொண்டு வீட்டில் சேர்த்துவிட்டு வந்து, உறவில் ஒரு கல்யாணம், அவசரமாகப் போயிருக்கிறான் என்று துரையிடம் சொன்னார். நானோ சொன்னதைக் காப்பாற்ற மூன்று நாள் மைதானத்துப் பக்கம் போக முடியவில்லை. நான் இல்லாமல் பெண்கள் ஏற முடியாது. ஆகையால் மணியை யாரும் தேடவும் இல்லை.

ஆனால் காரில் ஏற்றும்போது அவன் என்னிடம் என்ன சொன்னான் தெரியுமா? "என் வேலையக் கெடுத்துட்டீங்கோ மன்னி." ஜுரத்தில் சொன்னது என்று வீட்டுக்காரர் சொன்னார். இருந்தாலும் எனக்கு அந்த மூன்று நாளும் சாதம் இறங்கவில்லை.

குளிர் ஜுரம் அவனை நன்றாகப் படுத்திவிட்டது. வீட்டுக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவன் அப்பா லீவு போட்டுவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருக்கிறார் என்றார். "கெடுவைத் தள்ளி வைப்பாரா?" என்றேன். "அவரும் கேக்கலே, இவனும் கேக்கலே. ரெண்டும் ஒரே ஜாதிக் கழுதை" என்றார்.

மணி எழுந்து மைதானத்துக்கு வந்தபோது சித்திரைக்கு ஒரு வாரம்கூட இல்லை. கோட்டுக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. கொட்டகை வாசலில் வந்து நின்றான். நான் காபியை ஆற்றி வைத்தேன். எடுத்துக் குடித்தான். டம்ளர் சத்தம் போடவில்லை.

"அன்னிக்குக் கிளம்பியிருந்தா, குளிர் வந்த நேரத்துக்கு சரியா கார்டன் ரீச் மேல இருந்திருப்பேன் மன்னி" என்றான். இன்னொரு டம்ளர் ஊற்றினேன்.

ஆனால் ஏறுவதற்கு ஆள் எங்கே? அந்த வெயிலில் யாரும் வருவதாயில்லை. வெறும் விமானத்தைப் பறக்கவிட்டுப் பெட்ரோலைக் கொளுத்த மாட்டேன் என்று துரை சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தான். மணி ஒரு நாள் முழுக்கப் படியில் உட்கார்ந்து ரஸ்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், திரை போட்ட கார்கள் வரிசையாக வந்து நின்றன. கர்த்தாமா இறங்கினார். என்னைப் பார்த்து, "பையன் கை எப்படி இருக்கிறது?" என்றார். "நன்னா இருக்கு அம்மா." "சரி, கட்டு."

அன்றைக்கு மகள்களும் மருமகள்களும் போனார்கள். அதற்கு மறுநாள் நாத்தனார்களும் ஓரகத்திகளும். அடுத்த நாள் சமையல்கார அம்மாள், ஆயா, எதிர்வீட்டுக் கிழவிகள் இரண்டு பேர். ஆயா காளிகாட் வந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாளாம். "தேவி தலைக்கு மேலே போகிறோமே, அவள் பார்த்தால் பார்க்கட்டும், நான் பார்க்க மாட்டேன்" என்றாள். எங்கிருந்துதான் இத்தனை பெண்பிள்ளைகளைத் திரட்டினாரோ! எனக்குச் செம்பு நிறைந்துபோய், வீட்டிலிருந்து இன்னொரு செம்பு கொண்டுவர வேண்டியதாயிற்று.

மணிக்கு வேலை கிடைத்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு மனசு அடித்துக்கொள்ள வேண்டாம். சித்திரை ஒண்ணாம் தேதி அவன் அப்பாவை நமஸ்காரம் பண்ணி விஷயத்தைச் சொன்னானாம். "சரி, பஞ்சாங்கம் படிக்கப்போறேன், உக்காந்து கேட்டுட்டுப் போ" என்றாராம் அவர். தபால் விமானம் ஓட்டிக்கொண்டு எங்கெங்கோ போனான். எப்போது கல்கத்தா வந்தாலும் காபிக்கு வருவான்.

நீங்கள் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். இப்போது மறைப்பும் இல்லை, என்னை மாதிரி சாக்குச் சொல்லவும் தேவையில்லை. ஆனால் கட்ட மாட்டேன் என்று ஒரு நாள் சொல்ல வேண்டி வரும். அப்போது காது எரியும். எரியட்டும், ஆறிவிடும். மற்றபடி, கையைப் பாருங்கள். பயணிகள் கையை மட்டும் இல்லை.

கடைசி நாளைச் சொல்லி முடிக்கிறேன். பங்குனி முடிவதற்கு முதல் நாள் காலை. ஒரே ஒரு சுற்றுத்தான் பாக்கி. எல்லோரையும் அனுப்பிவிட்டு, தான் மட்டும் இதுவரை ஏறாமல் இருந்த கர்த்தாமா முன்னே வந்தார். குழியில் ஒரு இடம் காலி.

"தனியாக ஏற மாட்டேன். பௌமா, நீ வா."

"நானா? நான் கீழேதான் நிப்பேன் அம்மா."

"யார் சொன்னது?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அவசரமாக ஆகாயத்தைப் பார்த்தார். "மன்னி, தாடாதாடி!" என்றான் பின்குழியிலிருந்து மணி. எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். உட்கார்ந்த பிறகு பார்த்தால், எனக்குப் பெல்ட் கட்ட ஆள் இல்லை. மைதானத்தில் அந்த வேலைக்கு இருந்த ஒரே ஆள் நான். கர்த்தாமா தன் மடியில் கட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பி, எனக்கும் இழுத்துக் கட்டினார். "உன்னை இத்தனை நாள் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்" என்றார். சாவியைக் கழற்றி வீட்டுக்காரரிடம் எறிந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"கையைக் காட்டு."

வலது கையை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியவில்லை. திறந்தால், உள்ளே காசு.

அவர் சிரித்த சிரிப்பில் விமானம் குலுங்கிற்று. பிறகு தன் கையைத் திறந்து காட்டினார். அதிலும் ஒன்று இருந்தது. மிஸ்திரி செம்பைத் தூக்கிக்கொண்டு படியருகில் வந்து, "தெரியும், தெரியும், இரண்டு பேரும் போடுங்க" என்றார். போட்டோம்.

கிளம்பினோம். பெஹாலா வயல் கீழே போயிற்று. காற்றில் ஒன்றும் பேச முடியவில்லை. கார்டன் ரீச் கப்பல்களைத் தாண்டியதும் கங்கை வந்தது. அத்தனை பேருக்காகவும் நான் படித்துறையில் நின்று பார்த்த கங்கை, மேலிருந்து அவ்வளவு அகலமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் கையில் ஒன்றும் இல்லை. கர்த்தாமா அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். நடுக்கம் இருந்தது. அது அவர் கையா, என் கையா என்று எனக்குத் தெரியவில்லை.